8000 கல்லுக்குப் பிறகும் சவரக்கத்தி இழுப்பது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். ஜெர்மனியின் சொலிங்கன் நகரில் செய்த, அப்பப்பாவின் பழைய சவரக்கத்தி வீட்டு அலுமாரியில் கிடைத்தது. 1000, 4000, 8000 என்று மூன்று தண்ணீர்க் கற்களில் (இலக்கம் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்) வரிசையாகத் தீட்டி, தோல்வாரிலும் இழுத்திருக்கிறீர்கள். கை மயிரை வழிக்கிறது, கடதாசியைச் சீவுகிறது. கன்னத்தில் வைத்தால் மட்டும் இழுக்கிறது, பிறகு தோல் எரிகிறது. 12000 கல் வாங்கினால் சரிவருமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நல்ல 8000 கல்லில் முடித்து, வாரில் ஒழுங்காக இழுத்த கத்தியால் நோகாமல் தாடி வழிக்கலாம்; எத்தனையோ பேர் அதற்கு மேல் போவதே இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் குறை முதற் கல்லில் இருக்கிறது. 1000 கல்லில் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியாமலேயே 4000க்குப் போயிருக்கிறீர்கள். பழைய கத்தியை முதன்முதலாகத் தீட்டுகிற அநேகருக்கு நடப்பது இதுதான், கடைசிக் கல்லை மாற்றி மாற்றிக் காசைச் செலவழிப்பவர்களும் இவர்கள்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சமையற்கட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது கோணத்தை நாம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சவரக்கத்திக்கு அந்தக் கவலை இல்லை. கல்லில் படுக்கவைத்தால் அதன் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லைத் தொடும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடும். 6/8 அங்குலக் கத்தி என்றால் முதுகிலிருந்து வாய்வரை ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். முதுகின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்த கூர்க்கோணம் 15 பாகை வரும். 5/8 கத்திகளில் பெரும்பாலும் 16, 17 பாகை. ஆகவே எந்தக் கட்டத்திலும் முதுகைக் கல்லிலிருந்து தூக்கக்கூடாது.

இப்படிப் படுக்கவைத்துத் தேய்க்கத் தேய்க்க வாயோரமாக இரண்டு பக்கத்திலும் ஒரு மெல்லிய சாய்வுப் பட்டை உண்டாகும். அந்த இரண்டு பட்டைகளும் சந்திக்கிற கோடுதான் கூர். பல வருடம் பாவித்து, வாரில் இழுத்து, அலுமாரியில் கிடந்து கறுத்துப்போன கத்தியில் இந்தச் சந்திப்பு இருக்காது. உச்சியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒடுக்கமான ஓர் உருண்டை விளிம்பு மிஞ்சியிருக்கும். 1000 கல்லில் அந்த உருண்டை முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். போகாமல் 4000க்கு மாறினால், 4000மும் 8000மும் பட்டையின் பக்கங்களைத்தான் மினுக்கும், உச்சியைத் தொடாது. பட்டை பளபளவென்று வந்துவிடும், பார்க்கிறவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஜப்பானியத் தரப்படி 1000 இலக்கத் துகள் சராசரியாக 11.5 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 4000 என்றால் 3 மைக்ரோன், 8000 என்றால் 1.2 மைக்ரோன். அவ்வளவு நுண்ணிய துகளைக் கொண்டு உருண்டையைக் கரைக்கப் போனால் கை சோர்ந்துபோகும். (எல்லா உற்பத்தியாளரும் இந்தத் தரத்தைப் பின்பற்றுவதில்லை. ஒருவருடைய 8000 இன்னொருவருடைய 8000ஐவிடக் கரடாக இருக்கலாம்.)

அப்படியானால் கை மயிர் ஏன் அறுபட்டது? கை மயிர் தாடி மயிரைவிட மெல்லியது. ஒழுங்காகத் தீட்டிய 1000 கல் விளிம்பே அதை வழித்துவிடும். 8000க்குப் பிறகு கை மயிர் அறுபடுவது கத்தி சவரத்துக்கு ஆயத்தம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அந்தச் சோதனைக்கு உரிய இடம் 1000 கல் முடிந்த கையோடுதான். அங்கே செய்யும்போதும் அலகின் அடிப்பகுதி (பிடிப் பக்கம்), நடு, நுனி என்று மூன்று இடத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றும் தோலோடு ஒட்டி, அழுத்தம் இல்லாமல், ஒரே மாதிரி வழிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நடுப்பகுதியை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். நடு சந்தித்திருக்கும், அடியும் நுனியும் சந்தித்திருக்காது. கன்னத்தில் பாதி வழிந்து பாதி இழுப்பது அதனால்தான்.

இன்னும் இரண்டு சோதனை உண்டு, இரண்டையும் செய்யுங்கள். கத்தியின் வாயை மேலே பார்க்கப் பிடித்து, மேசை விளக்கின் கீழே விளிம்பை நேருக்கு நேர் பாருங்கள். பட்டைகள் சந்தித்த கூரில் ஒளி தெறிக்க இடமே இல்லை, அது கறுப்புக் கோடாகத்தான் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கீற்றோ மினுங்கினால் அந்த இடம் இன்னும் உருண்டை. இதற்குப் பெரிய நுணுக்குக்காட்டி எதுவும் தேவையில்லை. இரத்தினக்கல் பார்க்கிறவர்கள் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லூப் போதும். செட்டியார் தெருப் பக்கம் நகை வேலைக்கான சாமான் விற்கிற கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

மற்றது மார்க்கர் சோதனை. அழியாத மையால் இரண்டு பட்டைகளையும் முழு நீளத்துக்கும் பூசி, 1000 கல்லில் அழுத்தாமல் நான்கைந்து தடவை ஓட்டுங்கள். மை போன இடத்தைத்தான் கல் தொடுகிறது. உச்சியில் மயிரிழை அளவு மை மிஞ்சியிருந்தால் கல் அங்கே எட்டவில்லை. அடியில் மட்டும் மை அப்படியே இருந்தால் அலகு கோணி இருக்கிறது, அல்லது உங்கள் கை நுனிப் பக்கம் சாய்கிறது. நான் எந்தப் பழைய கத்தியை எடுத்தாலும் முதலில் செய்வது இதைத்தான். அந்தக் கத்தியின் குணம் முழுவதும் இதில் தெரிந்துவிடும்.

கத்தியில் கை வைக்கமுன் கல்லைப் பாருங்கள். கல் தட்டையாக இல்லாவிட்டால் இதுவரை சொன்ன எதுவும் பலிக்காது. தண்ணீர்க் கற்கள் பாவிக்கப் பாவிக்க நடுவில் குழியும். புதுக் கல்லும் தட்டையாக இருக்கும் என்று நம்ப முடியாது. பென்சிலால் கல்லில் கட்டம் கட்டமாகக் கீறி, தடித்த கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய தண்ணீர் எமரிக் கடதாசியில் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக அழியும்வரை தேய்க்க வேண்டும். கண்ணாடியை எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள், எமரி பழைய சோனகத் தெருவில் தாராளமாகக் கிடைக்கும். கல்லின் ஓரங்களையும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். கூரான கல்லோரம் கத்தியின் வாயைப் பதம் பார்க்கும். அதே தெருவில் கிடைக்கிற இரட்டைப் பக்கக் கார்பரண்டம் கல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது கோடரிக்கும் மண்வெட்டிக்கும் நல்லது, சவரக்கத்திக்கு மிகக் கரடு. சைக்கிளில் சாணைச் சக்கரம் கொண்டுவருகிறவரிடமும் கொடுக்க வேண்டாம். அவர் தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் இவ்வளவு மெல்லிய விளிம்பு உலர்ந்த சக்கரத்தில் ஒரு நொடியில் சூடேறிவிடும். உருக்கு 200 பாகை செல்சியஸைத் தாண்டத் தொடங்கினாலே பதம் இளகத் தொடங்கும். நீலம் பாரித்துவிட்டால் அந்த இடம் பிறகு கூரைத் தாங்காது.

இனி 1000 கல் வேலை. முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இதில் அபிப்பிராய பேதம் உண்டு, டேப்பைத் தொடவே மாட்டோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய கத்திக்கு ஒட்டுவதே சரி என்பது என் தீர்மானமான எண்ணம். முதுகு தேய்ந்தால் கோணம் குறைந்துகொண்டே போகும், அழகும் கெடும். உங்கள் அப்பப்பா காலத்திலேயே முதுகு கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஒரு சுற்று டேப் அதை ஓரளவு ஈடுகட்டும். ஒன்றை மறக்கக்கூடாது: 1000இல் டேப் ஒட்டினால் கடைசிக் கல்வரை அதே ஒரு சுற்று இருக்க வேண்டும். இடையில் கழற்றினால் கோணம் மாறி, அடுத்த கல் உச்சியைத் தொடாது. தேயத் தேயப் புதிதாக மாற்றுங்கள்.

கத்தியை வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள், கல்லிலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுக்கப்போகிற மாதிரி. முனைக்கு வந்ததும் முதுகின்மேல் புரட்டி, மற்றப் பக்கத்தால் திரும்பி வாருங்கள். வாயின்மேல் ஒருபோதும் புரட்டக்கூடாது. கல் அலகைவிட ஒடுக்கமாக இருக்கலாம், அலகும் முழுவதும் நேராக இருப்பது அரிது. அதனால் நேராகத் தள்ளாமல், அடிப்பகுதியில் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி குறுக்காக ஓட்ட வேண்டும். போகவரப் பார்த்தால் பெருக்கல் குறி விழும். வாய் வெளிப்பக்கம் மெதுவாக வளைந்திருந்தால் ஓட்டத்தோடு கையையும் கொஞ்சம் உருட்டிக் கொடுங்கள். நடுவில் உள்ளே குழிந்திருந்தால் வேறு கதை: அதை முதலில் நேராக்கியாக வேண்டும், நிறைய உலோகம் போகும். அதையும், கண்ணுக்குத் தெரிகிற பல் உடைவையும், அனுபவப்பட்ட ஒருவர் கையில் ஒப்படைப்பது நல்லது.

அழுத்தம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சொலிங்கன் கத்திகளில் பல, அலகின் இரண்டு பக்கமும் உள்ளே குழியும்படி கடைந்தவை, வாய்ப்பக்கம் நகத்தால் அழுத்தினால் வளைகிற அளவுக்கு மெல்லியவை. 1000இல் மிதமான அழுத்தம் கொடுக்கலாம். கூடுதலாக அழுத்தினால் அலகு வளைந்து, கல் பட்டையின் வேறிடத்தைத் தேய்க்கும், உச்சியில் பிசிறும் (மடிந்து நிற்கிற மெல்லிய உலோக ஓரம்) எழும்பும். சமையல் கத்தியில் ஒரு பக்கம் பிசிறு எழும்பும்வரை தேய்த்துவிட்டு மறுபக்கம் போவார்கள். சவரக்கத்தியில் அந்தப் பழக்கம் கூடாது. பெரிய பிசிறு உடைந்து விழும்போது விளிம்பும் கிழிந்துபோகும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது, மறுபக்கத்துக்கு இருபது என்று சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து உருண்டையைக் கரைக்கலாம். மூன்று சோதனையிலும் கத்தி தேறியதும், அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒன்று பக்கம் மாற்றி ஓட்டி முடியுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்காதீர்கள். சில கத்தி கால் மணித்தியாலத்தில் வரும், சில கத்தி ஒரு பின்னேரம் முழுவதும் கேட்கும். சோதனை தேறினால்தான் அடுத்த கல்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம். 4000 கல்லின் வேலை 1000 விட்ட கீறல்களை எடுப்பது. லூப்பில் பார்த்தால் கரட்டுக் கோடுகள் போய் மெல்லிய கோடுகள் மட்டும் தெரிய வேண்டும், முக்கியமாக உச்சியோரத்தில். 8000இலும் அதேதான். 8000இன் கடைசி இருபது ஓட்டத்துக்குக் கத்தியின் சொந்தப் பாரம் போதும், விரல் வழிகாட்ட மட்டும். கல்லில் தண்ணீர் நிற்கும்போது வாய்க்கு முன்னால் தண்ணீர் ஒரே சீராகத் தள்ளப்பட்டுப் போகும், கத்தி கல்லில் மெல்ல ஒட்டிப் பிடிப்பதுபோல் கையில் தெரியும். இரண்டும் நல்ல அடையாளம்.

12000 கல்லும் அதற்கு மேலும் இங்கேதான் வருகின்றன. 8000 விளிம்பு நோகாமல் வழிக்கத் தொடங்கிய பிறகு, அதற்கு மேல் ஒரு கல் சேர்த்தால் வித்தியாசத்தை உங்கள் கன்னம் உடனே சொல்லும். அதற்கு முன் வாங்கினால் எதைத் திருத்தியது என்றே தெரியாது. என்ன வாங்குவது என்று அப்போது யோசிக்கலாம். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டுகிற கோட்டிக்யூல் கல் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் வெட்டுவது கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய துகள்கள். சிறு கல்லால் உரசிக் கற்பால் (கல் துகள் கலந்த தண்ணீர்) எழுப்பினால் வேகமாக வெட்டும்; தண்ணீர் விட்டு விட்டு அந்தப் பாலைக் கரைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் முடித்தால் மென்மையான விளிம்பு தரும். ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி, பழக நாளெடுக்கும், விலையும் அதிகம். சிக்கனமாகப் போக விரும்பினால் 1 மைக்ரோன் துகள் பூசிய மெருகுத் தாள் ஒன்றே போதும். ஈரமாக்கிக் கண்ணாடியில் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, அழுத்தமே இல்லாமல் பத்து ஓட்டம். வாரில் பூசி இழுக்கிற பச்சை நிற குரோமியம் ஒட்சைட்டும் நல்லதுதான், துகள் அரை மைக்ரோன் அளவு. தூய பொடியாக வாங்குங்கள். மெருகுச் சக்கரத்துக்கென்று விற்கிற பச்சைக் கட்டிகளில் கரடான அலுமினியம் ஒட்சைட்டும் கலந்திருப்பது வழக்கம். தூய பொடியையும் அடிக்கடி பூசிப் பூசி இழுத்தால் உச்சி மெல்ல உருண்டுவிடும், திரும்ப 1000இல் நிற்பீர்கள்.

தோல்வாரைக் கல்லுக்கு நேர்மாறாகப் பாவிக்க வேண்டும்: முதுகு முன்னால், வாய் பின்னால். வார் தொய்யாமல் இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்த வாரில் வாய் தோலுக்குள் புதைந்து உருண்டுவிடும். கல்லில் நன்றாக வந்த கூரை வாரில் கெடுக்கிறவர்கள் நிறையப் பேர். வேகம் வேண்டாம், முதுகின்மேல் புரட்டுவது பழகினால் வேகம் தானாக வரும். முதலில் வாரின் துணிப்பக்கத்தில் இருபது, முப்பது தரம், பிறகு தோலில் ஐம்பது, அறுபது தரம். இதைக் கேட்டுப் படிக்க இப்போது கொழும்புச் சலூன்களில் ஆள் கிடைப்பது கஷ்டம். இரத்தத்தால் தொற்றும் நோய்களுக்குப் பயந்து, பாதியாக முறித்த பிளேட் போடுகிற கைப்பிடிதான் எங்கும். அது சரியான மாற்றம், வாடிக்கையாளரின் பாதுகாப்பு முதலில். ஆனால் வயதான சிகையலங்காரக் கலைஞர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், போய்க் கதையுங்கள். வார் இழுக்கிற மணிக்கட்டு அசைவை எழுத்தில் முழுவதும் சொல்லிவிட முடியாது, நேரில் பார்த்தால் நிமிடத்தில் பிடிபடும்.

இவ்வளவும் செய்து இன்னும் எரிந்தால் கத்தியை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். குளித்த பிறகு, மயிர் தண்ணீரில் ஊறியிருக்கும்போது வழியுங்கள். கொழும்பில் குழாயில் வருகிற களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கடினம், அங்கே போய் வழிக்கும்போது நுரைக்குக் கூடச் சவர்க்காரம் வேண்டும், கத்தியையும் உடனே துடைக்காவிட்டால் வெள்ளைக் கறை படியும். தோலுக்கும் கத்திக்கும் இடையே 30 பாகை அளவு இருக்கட்டும். அதைவிட நிமிர்த்தினால் சுரண்டும், அந்த எரிச்சலை எந்தக் கல்லாலும் தீர்க்க முடியாது.

நீங்கள் இருக்கிற இடத்துக்காக இன்னொன்று. வெள்ளவத்தையில் கடற்காற்று வீட்டுக்குள் வரும், காற்றில் ஈரமும் உப்பும் இரண்டும் உண்டு. பழைய சவரக்கத்திகள் துருப்பிடிக்கும் கரிம உருக்கு. விளிம்பு அவ்வளவு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துரு ஒரு இரவில் கூரைத் தின்றுவிடும். நேற்று நன்றாக வழித்த கத்தி இன்று இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழித்து முடிந்ததும் கழுவி, மெல்லிய கடதாசியால் துடைத்து, துணிவாரில் ஐந்தாறு தரம் இழுத்து ஈரம் எடுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, பிடியின் ஆணி இருக்கிற இடத்திலும் சேர்த்து. தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், நாட்பட்டால் பிசுபிசுத்து ஒட்டும். குளியலறையில் வைக்கவே வேண்டாம். தோல்வாரையும் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பிடி எதனால் செய்தது என்றும் பாருங்கள். ஆமையோடு மாதிரியோ யானைத் தந்தம் மாதிரியோ தெரிகிற பழைய பிடிகள் பெரும்பாலும் செலுலோயிட். வெப்பத்திலும் ஈரத்திலும் அது நாளடைவில் சிதைந்து அமில ஆவி விடும், பிடி மூடுகிற இடத்தில் அலகு அரித்துப்போகும். பிடிக்குள் மறைகிற பகுதியில் மட்டும் கத்தி கறுத்தோ புள்ளி விழுந்தோ இருந்தால், அல்லது பிடியில் கற்பூர வாசனை அடித்தால், அலகைப் பிடியிலிருந்து திறந்தபடி, மூடாத பெட்டியில் வையுங்கள். அரிப்பு வாய்வரை வந்திருந்தால் 1000 கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பு நொறுங்கிக்கொண்டே இருக்கும். நல்ல உருக்கு வரும்வரை இன்னும் உள்ளே போக வேண்டும்.

ஒழுங்காக ஒருமுறை தீட்டிவிட்டால் பிறகு 1000 பக்கம் லேசில் போக வேண்டி வராது. வாரில் இழுத்தும் கத்தி மெல்ல இழுக்கத் தொடங்கும்போது, டேப் ஒட்டி 8000இல் பத்துப் பதினைந்து ஓட்டம் விட்டு, வாரில் இழுங்கள். அப்படிச் செய்தும் கூர் திரும்பாவிட்டால் மார்க்கரை எடுத்துப் பட்டையில் பூசி, எங்கே தொடவில்லை என்று பாருங்கள்.